இரும்பில் எழுதிய ஆண்டு: பழைய லீவர் ரைஃபிள்களின் வயதைக் கணிக்கும் முறைகள்

1894 மாடல் வின்செஸ்டர் ரைஃபிளின் நடு உடலான ரிசீவருக்குப் பின்னால், மரக்கட்டையின் மேல் ஓர் இரும்பு வால் நீண்டிருக்கும். பழைய துப்பாக்கியாக இருந்தால் அந்த வாலில் மாடலின் பெயரும், பக்கத்திலேயே ‘ஆகஸ்ட் 21, 1894’ என்ற நாளும் பொறித்திருக்கும். நாள், மாதம், ஆண்டு மூன்றும் இரும்பிலேயே இருக்க, வயதைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும் என்று புதிதாகச் சேகரிக்க வருகிறவருக்குத் தோன்றும். ஆனால் அது ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடைத்த நாள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்துச் செய்த துப்பாக்கிகளும் அதே நாளைச் சுமந்துகொண்டுதான் கடைக்கு வந்தன. அந்த நாளை நம்பி விலை பேசியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

விசைக்கருகே உள்ள நெம்பை இறக்கி ஏற்றித் தோட்டாவை மாற்றும் ஒரு லீவர் ரைஃபிள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் முக்கால் நூற்றாண்டாகப் பதில் தேடி வருகிறார்கள். இது வெறும் ஆர்வத்தோடு முடிகிற கேள்வியாக இல்லை. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதைப் பழம்பொருள் என்கிறது. அந்த வரம்புக்குள் வந்தால் கூட்டரசின் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை பொருந்தாது. கனடாவின் சட்டம் 1898-க்கு முன்பு செய்யப்பட்டதையே பழம்பொருளாகக் கொள்கிறது. ஆகவே 1898-இல் செய்த ஒரே ரைஃபிள் எல்லைக்கு ஒரு பக்கம் பழம்பொருள், மறுபக்கம் சாதாரணத் துப்பாக்கி. விலையிலும் இதே கதைதான். 1894 மாடலில், 1964-க்கு முன் செய்ததற்கும் பின் செய்ததற்கும் சந்தை தரும் மதிப்பு வேறு.

இதுவரை வந்த பதில்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: உலோகத்தில் உள்ள பொறிப்புகளை நம்புவது, வரிசை எண் பட்டியல்களை நம்புவது, தொழிற்சாலைப் பேரேடுகளை நம்புவது, உறுப்புகளின் வடிவ மாற்றங்களை நம்புவது. இவற்றை ஒன்றோடொன்று போட்டியிடும் பதில்களாகவே பலரும் வாதித்திருக்கிறார்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் பதில் சொல்வது வேறுவேறு கேள்விக்கு என்றே தோன்றுகிறது.

பொறிப்புகள் சொல்வதும் சொல்லாததும்

மிகப் பழைய வழி, எழுதியிருப்பதைப் படிப்பது. இதை அடியோடு தள்ளிவிட முடியாது. முதல் தலைமுறைத் துப்பாக்கிகளில் இதற்கு நல்ல பயன் இருக்கிறது. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 அக்டோபர் 16-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிள், நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயரைக் குழலில் தாங்கி வந்தது. 1866-இல் நிறுவனம் வின்செஸ்டர் ரிபீட்டிங் ஆர்ம்ஸ் என்று பெயர் மாறியது. ஹென்றியில் தோட்டாவைக் குழலின் முன்முனைப் பக்கத்திலிருந்துதான் நிரப்ப வேண்டும். நெல்சன் கிங் யோசித்த பக்கவாசல் வந்தபின், ரிசீவரின் வலப்புறத்திலேயே தோட்டாக்களை உள்ளே தள்ளலாம் என்றாயிற்று. 1866 மாடலின் தொடக்கக் காலக் குழல்கள் சிலவற்றில் பிரிட்ஜ்போர்ட் ஊர்ப்பெயரும் கிங்கின் காப்புரிமை நாளும் சேர்ந்து இருக்கும். தொழிற்சாலை 1871 வாக்கில் நியூ ஹேவனுக்குத் திரும்பியது. இப்படி ஊர்ப்பெயரும் நிறுவனப் பெயரும் சில ஆண்டுகளுக்குள் எல்லை வகுத்துத் தருகின்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் நிற வெண்கல ரிசீவருக்குப் புகழ்பெற்ற அந்த 1866 மாடலில் மாடலின் பெயர் பொறிக்கப்படவே இல்லை. 1866 மாடல் என்ற பெயர் பழக்கத்துக்கு வந்ததே பின்னால்தான். 1873 மாடலுக்குப் பெயர் வாலிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் கிடங்குக்கு வந்தவை மிகச் சில. அந்த மாடல் முதல் உலகப் போருக்குப் பிறகும் விற்பனையில் இருந்தது. ஆக, மாடல் பெயரில் உள்ள ஆண்டு ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் பிறந்த குழந்தை 50 ஆண்டு கழித்துப் பிறந்ததாகவும் இருக்கலாம்.

பொறிப்பிலிருந்து உறுதியாகக் கிடைப்பது கீழ்வரம்பு மட்டும். ஒரு காப்புரிமை நாள் பொறித்திருந்தால், பொறிப்பு அந்த நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. வின்செஸ்டரின் சோதனை முத்திரையையே பாருங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகள் கோத்தது போல இருக்கும். 1905 ஜூலையில் வழக்கத்துக்கு வந்த முத்திரை அது. குழலில் அது இருந்தால் அந்தக் குழல் 1905-க்குப் பிந்தியது, அல்லது பின்னொரு நாளில் தொழிற்சாலைக்குப் போய்ச் சோதிக்கப்பட்டது. இந்த ‘அல்லது’ முக்கியம். பழுது பார்க்கத் திரும்பிப் போன பழைய துப்பாக்கிகளுக்கும் அந்த முத்திரை விழுந்திருக்கிறது. முத்திரையைக் கண்டதும் மொத்தத் துப்பாக்கியும் 1905-க்குப் பிந்தியது என்று முடிவு கட்டுவது அவசரம்.

எண் பட்டியல்கள்

ஒவ்வொரு ஆண்டின் இறுதியிலும் வரிசை எண் எங்கே நின்றது என்று ஒரு பட்டியல் இருந்தால், எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம். இந்த எளிமைதான் பட்டியல்களுக்கு உலகம் முழுதும் பெயர் வாங்கித் தந்தது. ஜார்ஜ் மேடிஸ் 1961-இல் வெளியிட்ட ‘தி வின்செஸ்டர் புக்’ இந்த வகையில் பெரிய தாக்கம் ஏற்படுத்திய நூல். பல பதிப்புகள் கண்டு, இரண்டு தலைமுறைச் சேகரிப்பாளர்களின் மேசையில் இருந்த புத்தகம். நிறுவனத்தின் ஆவணங்களைச் சேகரிப்பாளர்கள் தாராளமாகப் பார்க்க முடியாத காலத்தில் அவர் செய்த வேலைக்கு நன்றி சொல்லாமல் இந்தத் துறையின் வரலாற்றை எழுத முடியாது.

ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் மூலம் எது என்று வாசகர் சரிபார்க்கும்படி குறிப்பில்லை. பேரேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது சில மாடல்களில், சில காலங்களில் ஆண்டுகள் பொருந்தின. வேறு சில இடங்களில் வித்தியாசம் பல ஆண்டுகளாகப் போனது. இதைக் காட்டி மேடிஸின் பட்டியலை முழுக்க ஒதுக்க வேண்டும் என்பவர்களும், தொழிற்சாலை எப்படியும் எண்களை ஒழுங்காக வைக்கவில்லை, ஆகவே எந்தப் பட்டியலும் உத்தேசம்தான் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வாதம் வசதியானது, ஆனால் சோம்பேறித்தனமானது. எங்கே பிழை, எங்கே சரி என்று பிரித்துப் பார்க்கிற வேலையை அது தவிர்த்துவிடுகிறது.

பட்டியலைச் சோதிக்கச் சில மைல்கற்கள் இருக்கின்றன. 1894 மாடலின் 10 லட்சமாவது துப்பாக்கி 1927-இல் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜுக்குப் பரிசாகப் போனது. 15 லட்சமாவது 1948-இல் ஹாரி ட்ரூமனுக்கு. 20 லட்சமாவது 1953-இல் ஐசன்ஹோவருக்கு. 27 லட்சம் என்ற எண்ணைச் சுற்றியே 1964-இன் தொடக்கம் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. ஒரு பட்டியல் இந்த நாலு கற்களிலும் முட்டாமல் போனால் ஓரளவு நம்பலாம். அப்போதும் முழுமையாக நம்ப முடியாது. பரிசுக்குரிய எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி, அலங்கார வேலைக்கு அனுப்பி, விழா நாள் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். பரிசளித்த நாளை வைத்து அந்த எண் எந்த நாளில் இரும்பில் விழுந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலையும் பட்டியல்கள் மறைக்கின்றன. 1933-இல் வந்த 64 மாடல், 1894 மாடலின் எண் வரிசையையே பகிர்ந்துகொண்டது. ஆகவே ‘20 லட்சம் 1894 ரைஃபிள்கள்’ என்று சொல்லும்போது அதில் வேறு மாடலும் கலந்திருக்கிறது. எண் தொடர்ச்சியாக இருப்பதால் உற்பத்தியும் தொடர்ச்சியாக இருந்தது என்று கொள்ளக் கூடாது.

பேரேடுகள்: கிடங்கின் சாட்சியம்

வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற சிற்றூரில் பஃபலோ பில் மேற்கு மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் தொகுப்பு 1970-களின் நடுவில் அங்கே வந்தது. துப்பாக்கிகளோடு கையால் எழுதிய பேரேடுகளும் வந்தன. கட்டணம் கட்டி எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு நேராக எழுதியிருப்பதைக் கடிதமாகத் தருகிறார்கள். சேகரிப்பாளர்கள் அதைக் ‘கோடி கடிதம்’ என்றே சொல்கிறார்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று நெருங்கிப் பார்க்கலாம். எண், ரைஃபிளா கார்பைனா மஸ்கட்டா என்ற வகை, காலிபர், குழல் உருண்டையா எண்கோணமா, விசை எந்த வகை, கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள், ஆர்டர் எண். வழக்கத்துக்கு மாறாக ஏதும் இருந்தால், அரைக்குழாய் மகசின், கூடுதல் நீளக் குழல், உயர்ந்த மரம் என்று அதுவும் சுருக்கமாக. சில வரிகளுக்குப் பின்னால், துப்பாக்கி பழுதுக்காகத் திரும்பி வந்து போன குறிப்பும் இருக்கும். யாருக்கு விற்றது என்பது மட்டும் இருக்காது. கோல்ட் நிறுவனத்தின் பதிவுகளில் வாங்கிய கடையின் பெயர் கிடைப்பது போல இங்கே கிடைக்காது. ஒரு வின்செஸ்டர் எந்தக் கடைக்கு, எந்த மனிதர் கைக்குப் போனது என்று கோடி கடிதத்தை மட்டும் காட்டி யாராவது சொன்னால், அவர் ஆவணம் சொல்லாததைச் சேர்க்கிறார்.

பேரேட்டின் பலம், அது அந்த நாளிலேயே எழுதப்பட்டது என்பது. பிற்காலக் கணக்கு அதில் இல்லை. பலவீனம் அதன் பரப்பு. எல்லா எண்ணுக்கும் பேரேடு இல்லை. 1873 மாடலுக்கும் 1876 மாடலுக்கும் பெரும்பகுதி கிடைக்கிறது. 1894 மாடலுக்கு முதல் சுமார் 3,54,000 எண்கள் மட்டும். மொத்தம் 70 லட்சத்தைத் தாண்டிய மாடலுக்கு இது எவ்வளவு சிறிய பங்கு என்று நினைத்துப் பாருங்கள். 1892 மாடலுக்கு 3,80,000 வரை, 1895 மாடலுக்கு 60,000 வரை. 1866 மாடலுக்கு நிலைமை தலைகீழ்: கடைசி 45,000 எண்களுக்குத்தான் பதிவு இருக்கிறது, தொடக்கக் காலத்துக்கு இல்லை. மிக அரிய துப்பாக்கிகள் பலவும் பேரேடு இல்லாத பகுதியில்தான் இருக்கின்றன என்பது இத்துறையின் நீண்டநாள் வருத்தம்.

எழுத்தர்களும் மனிதர்கள்தான். 1-ஐ 7 போலவும் 3-ஐ 8 போலவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கடிதமும் துப்பாக்கியும் பொருந்தாதபோது, துப்பாக்கியை மாற்றிவிட்டார்கள் என்று உடனே சொல்வதும், எழுத்தர் தவறிவிட்டார் என்று உடனே சொல்வதும் ஒரே அளவு ஆதாரமற்றவை. முதல் சந்தேகம் வாங்குகிறவருக்கு வசதி, இரண்டாவது விற்கிறவருக்கு.

ஒரு துப்பாக்கிக்கு மூன்று பிறந்தநாள்

இந்த இடத்தில் ஒரு பேரேட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். கிடங்குப் பேரேடு தவிர, மெருகேற்றும் பிரிவின் பதிவும் கோடியில் இருக்கிறது. ரிசீவரை அரைத்து, மெருகேற்றி, நீலப்பூச்சுக்கு அனுப்பும் முன் அதில் வரிசை எண்ணை அடித்த நாளை அங்கே எழுதி வைத்தார்கள். சேகரிப்பாளர்கள் இதைப் ‘பாலிஷிங் ரூம் பதிவு’ என்கிறார்கள். கிடங்குப் பேரேடு தீர்ந்துபோன எண்களுக்கும் சில மாடல்களில் இது தொடர்கிறது. ஆகவேதான் மேடிஸ் பட்டியலைச் சோதிக்கும் பெரிய அளவுகோலாக இது ஆனது.

இதனால் ஒரு துப்பாக்கிக்கு மூன்று நாள்கள் கிடைக்கின்றன. ரிசீவரில் எண் அடித்த நாள். முழுத் துப்பாக்கியாகக் கிடங்குக்கு வந்த நாள். அங்கிருந்து வெளியேறிய நாள். சாதாரணமாக முதலாவதுக்கும் கடைசிக்கும் சில வாரமோ சில மாதமோதான் இடைவெளி. ஆனால் வியாபாரம் மந்தமான காலத்தில் எண் அடித்த ரிசீவர்கள் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு. யாராவது எண்கோணக் குழலும் அரைக்குழாய் மகசினும் கேட்டு ஆர்டர் கொடுத்தால், பழைய எண்ணுள்ள ஒரு ரிசீவர் வெளியே வந்து புதிய குழலோடு சேரும். இதில் எதை ‘செய்யப்பட்ட ஆண்டு’ என்பது?

பட்டியல் போட்டவர்களுக்கும் பேரேட்டுக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் ஒரு பகுதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தது என்று நினைக்கிறேன். ஒருவர் எண் விழுந்த நாளைச் சொல்கிறார், மற்றவர் கிடங்கைவிட்டுப் போன நாளைச் சொல்கிறார், இருவரும் மற்றவர் பொய் சொல்வதாக எண்ணுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் ரிசீவரையே துப்பாக்கியாகக் கொள்வதால், 1898 வரம்பைப் பற்றிப் பேசும்போது எண் அடித்த நாளுக்கு எடை கூடுகிறது. ஒரு துப்பாக்கி எல்லைப்புறத்துக்கு எந்த ஆண்டு போய்ச் சேர்ந்தது, யார் கையில் இருந்தது என்று தேடும் வரலாற்றாளருக்கு அனுப்பிய நாள்தான் முக்கியம். இருவருக்கும் பொதுவான ஒரே ஆண்டைத் தேடுவது பயனற்ற வேலை.

மார்லினும் சாவேஜும்

வின்செஸ்டருக்கு வெளியே வழக்கங்கள் வேறு. நியூ ஹேவனிலேயே இயங்கிய ஜான் மாலன் மார்லினின் நிறுவனம், 1881 மாடலில் தொடங்கிப் பல லீவர் மாடல்களைத் தந்தது. லூயிஸ் ஹெப்பர்னின் வடிவமைப்பில் 1889-இலிருந்து காலித் தோட்டா பக்கவாட்டில் வெளியேறியது. மேற்புறம் மூடியிருந்ததால் பனியும் தூசியும் உள்ளே போகாது. வின்செஸ்டர் மாடல்தோறும் தனி எண் வரிசை வைத்திருந்தது. மார்லினோ பழைய காலத்தில் எல்லா மாடல்களையும் ஒரே வரிசையில் எண்ணியது. ஆகவே வின்செஸ்டர் பழக்கத்தோடு மார்லின் எண்ணைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். 1906 வரையான மார்லின் பேரேடுகளும் கோடியில் இருக்கின்றன. அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் வரை நல்ல பதிவு இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தக் காலத்து மார்லினைக் கணிப்பவர் பொறிப்பையும் உறுப்புகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

போருக்குப் பின் மார்லின் எண்ணின் முன்னால் ஆண்டுக்கு ஓர் எழுத்து வைத்தது. பின்னர் அது மாறி, 1973-இலிருந்து வேறு வழி வந்தது. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும்: 26 என்று தொடங்கினால் 1974. இப்படி ஆண்டை எண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் மேலே சொன்ன தகராறுகளில் பாதி எழுவதில்லை. மார்லின் குழலில் ஒரு நீள்வட்டத்துக்குள் ஜே.எம். என்ற எழுத்துகள் இருந்தால், 2007-இல் ரெமிங்டன் வாங்குவதற்கு முந்திய மரபைச் சேர்ந்தது என்று சந்தை கொண்டாடுகிறது. கைமாறிய காலத்தில் பழைய குழல்கள் புதிய ரிசீவரில் ஏறியிருக்க வாய்ப்புண்டு என்பதால், இதையும் முடிவான சான்றாக எடுக்கத் தயங்க வேண்டும்.

ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் தந்த 1899 மாடல் தனி ரகம். வெளியே சுத்தியல் தெரியாது, தோட்டாக்கள் ஒரு சுழல் உருளையில் நிற்கும், பக்கத்தில் உள்ள சிறு துளையில் மீதி எத்தனை என்று எண் தெரியும். யூட்டிகா என்ற ஊர்ப்பெயர் குழலில் இருந்தால் 1940-களின் நடுவுக்கு முந்தியது என்று கொள்ளலாம். 1949 முதல் சில காலம் லீவரின் மூட்டுப் பகுதியில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் ஆண்டுக்கு ஓர் எழுத்து அடித்தார்கள். முதல் எழுத்து 1949-ஐக் குறிக்கும்.  மேலோட்டமாகப் பார்த்து விலை கேட்பவருக்கு அது கண்ணில் படாது.

உறுப்புகளின் மொழி

நான்காவது வழிக்காரர்கள் எண்ணையும் பேரேட்டையும் தள்ளி வைத்துவிட்டுத் துப்பாக்கியையே கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் பார்த்து, எந்த எண்ணில் எந்த உறுப்பு மாறியது என்று குறித்து வைப்பது இவர்கள் முறை. 1873 மாடலில் ரிசீவரின் மேலே நகரும் தூசிமூடி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுமார் 31,000 எண் வரை மூடி ரிசீவரிலேயே வெட்டிய பள்ளங்களில் ஓடும். அதற்குப் பின் சுமார் 90,000 வரை தனித் தண்டவாளம் ஒன்றைத் திருகால் மாட்டியிருப்பார்கள். அதற்குப் பின் தண்டவாளம் ரிசீவரோடு ஒன்றாகவே வரும். எண்ணைத் துணியால் மூடிவிட்டு மூடியை மட்டும் பார்த்தாலும் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

குழலின் காலிபரும் பேசும். 1894 மாடல் முதலில் .32-40, .38-55 என்ற இரண்டு காலிபரில்தான் வந்தது. புகையற்ற வெடிமருந்துக்கான .30 காலிபர் 1895-இல் சேர்ந்தது. 1895 மாடலின் .405 தோட்டா 1904-இல் வந்தது. தமிழ் வாசகர்களில் சிலருக்கு அந்தத் தோட்டாவின் பெயர் பழக்கமாக இருக்கும். ஜவளகிரிக் காடுகளிலும் பழைய சேலம் மாவட்டத்து மலைகளிலும் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் தோளில் இருந்தது .405 வின்செஸ்டர்தான். அப்படி ஒரு ரைஃபிள் இன்று கைக்கு வந்தால் 1904-க்கு முந்தியது என்ற வாதம் எழ வாய்ப்பே இல்லை, குழல் மாற்றப்பட்டிருந்தால் ஒழிய.

1894 மாடலில் முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தால் இன்னொரு சான்று கிடைக்கும். 1920-கள் முதல் 1940-கள் வரையான பல குழல்களின் அடியில், ரிசீவரை ஒட்டி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை அடித்திருப்பார்கள். 38 என்றால் 1938. வெளியே யார் எதை மாற்றினாலும் மரத்துக்கு அடியில் இருப்பதை மாற்ற நினைப்பவர் குறைவு. ஆனால் அது குழலின் ஆண்டு. குழல் செய்த பின் அதுவும் அலமாரியில் இருந்திருக்கலாம்.

பூச்சைப் படிக்கக் கற்றவர்கள் அதிலும் காலத்தைக் காண்கிறார்கள். 1930-களின் பிற்பகுதி வரை வின்செஸ்டரின் பழைய நீலப்பூச்சு, குறிப்பாக ரிசீவரில், காலப்போக்கில் பொருக்குப் பொருக்காக உதிரும். அடியில் சாம்பல் நிற எஃகு தெரியும். உதிர்வே இல்லாமல், மூலைகள் மழுங்கி, எழுத்துகளின் விளிம்பு வழுக்கினாற்போல் இருந்தால் யாரோ தேய்த்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மரத்தைத் தடவிப் பார்த்தாலும் தெரியும். தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாகவே விட்டார்கள். இரும்பிலிருந்து மரத்துக்கு விரல் நகரும்போது ஒரு சிறு படி ஏறும். அந்தப் படி இறங்கினால் மரத்தில் உப்புத்தாள் பட்டிருக்கிறது. 1964-க்குப் பின் வந்த 1894 மாடலில் தோட்டாவைத் தூக்கும் உறுப்பு அடித்து வளைத்த தகடாக மாறியது, திடமான ஊசிகளுக்குப் பதில் உள்ளீடற்ற ஊசிகள் வந்தன. விலைச் சந்தை ஏன் அங்கே கோடு கிழிக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த முறையின் பலவீனம் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. வினோதமான, அரிய துப்பாக்கிகளைத்தான் மக்கள் குறித்து வைக்கிறார்கள். சாதாரண கார்பைனைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர் குறைவு. அதனால் விதிவிலக்குகள் குறிப்பேட்டில் அளவுக்கு மீறி இடம்பெறுகின்றன. மாற்றம் நடந்த எல்லை எண்ணும் அப்படியே மங்கலாகிறது. தொழிற்சாலை பழைய உறுப்புகள் தீரும்வரை பயன்படுத்தியதால் எல்லை உண்மையிலேயே மங்கலாகத்தான் இருந்தது. இந்த இரண்டு மங்கலையும் பிரிப்பது எளிதல்ல.

போலிகளும் அவற்றைக் கண்டுபிடிப்பதும்

சான்றுகளுக்கு விலை ஏறியதும் சான்றுகளை உண்டாக்குபவர்களும் வந்தார்கள். 1870-களின் நடுவில் வின்செஸ்டர், மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியாக எடுத்து ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்றது. 1873 மாடலில் இப்படி 130-க்குச் சற்று மேலும், 1876 மாடலில் ஐம்பதைச் சுற்றியும் செய்ததாகக் கணக்கு. 1950-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ படத்துக்காகப் படநிறுவனம் இந்த ரைஃபிள்களைத் தேடி விளம்பரம் செய்தது. பழைய பெட்டிகளிலிருந்தும் அலமாரிகளிலிருந்தும் சில வெளிவந்தன. அதன் பிறகு அந்தப் பொறிப்பு பொய்யாகவும் அடிக்கப்பட்டது. பேரேட்டில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே கிட்டத்தட்ட கட்டாயம்.

ஹென்றி ரைஃபிளில் வேறு வகை ஏமாற்று. உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க அரசு வாங்கிய 1,731 ஹென்றிகளில் ஆய்வாளரின் சி.ஜி.சி. முத்திரை இருக்கும். அந்த முத்திரை ஒன்றே விலையை ஏற்றிவிடும். ஹென்றியில் வரிசை எண் குழலின் மேல் வெளிப்படையாக இருக்கும். அதே எண் கட்டைக்குள் மறைந்த பகுதியிலும் பின்தகட்டின் உள்புறத்திலும் இருக்க வேண்டும். கட்டையைக் கழற்ற விடாத விற்பனையாளரிடம் ஹென்றி வாங்குவது நல்லதல்ல.

இத்தாலியில் ஊபெர்டி போன்ற நிறுவனங்கள் செய்த நகல்கள் தங்களை நகல் என்று மறைக்கவில்லை. கார்தோனே சோதனைச் சாலையின் முத்திரையும், ஒரு சிறு சதுரத்துக்குள் ஆண்டுக் குறியும் அவற்றில் இருக்கும். 1974 வரை ரோமன் எண், 1975 முதல் இரண்டு எழுத்து. பிரச்சினை, பின்னால் யாரோ அந்தச் சதுரத்தை அராவிவிட்டுப் பழுப்பேற்றி விற்கும்போதுதான். அராவிய இடத்தில் இரும்பு சற்றுப் பள்ளமாக இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே பிரதிபலிக்கும் நேர்க்கோடு வளையும். அழித்த எண்ணை அமிலத்தால் மீட்கும் தடயவியல் முறைகளும் இருக்கின்றன. அடிக்கும்போது உலோகத்தின் உள்ளே நசுங்கிய துகள்கள் மேற்பரப்பை அராவிய பின்னும் மிச்சம் இருக்கும். அமிலம் அவற்றை வேறு வேகத்தில் அரிக்கும். ஆனால் இது துப்பாக்கியின் மேற்பரப்பைக் கெடுக்கிற சோதனை, சேகரிப்பாளர்கள் கடைசி வழியாகவே நாடுகிறார்கள்.

இன்னும் முடிவாகாதவை

பேரேடு இருக்கும் எண்களுக்கு விவாதம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். எந்த நிகழ்வின் நாள் என்பதைக் குறிப்பிட்டால் போதும். பேரேடு இல்லாத பெரும்பகுதிக்கு, அதாவது 1894 மாடலின் பெரும்பங்குக்கும் 1906-க்குப் பிந்திய மார்லின்களுக்கும், எண் பட்டியலும் உறுப்புச் சான்றும் சேர்ந்து ஓர் இடைவெளியைத்தான் தருகின்றன. அந்த இடைவெளியை ஒற்றை ஆண்டாகச் சுருக்கிக் கூறும் பழக்கம் விற்பனைக் குறிப்புகளில் இன்னும் தொடர்கிறது. ‘1927’ என்று எழுதுவதற்குப் பதில் ‘1926-க்கும் 1929-க்கும் இடையே, குழல் அடியில் 28’ என்று எழுதினால் வாங்குகிறவருக்கு நேர்மையான செய்தி கிடைக்கும்.

பாலிஷிங் ரூம் பதிவுகள் முழுவதும் பொதுவில் வந்து, ஆண்டு வாரியாக அச்சிடப்பட்டால் பழைய பட்டியல்கள் எங்கே விலகின, ஏன் விலகின என்று எண் எண்ணாகக் காட்ட முடியும். உறுப்பு மாற்றங்களின் எல்லை எண்களையும் அப்போது புதிதாக வரைய வேண்டியிருக்கும். அதற்குச் சாதாரண, விலை குறைந்த கார்பைன்களின் எண்களும் குறிப்புகளும் ஆயிரக்கணக்கில் தேவை. அவை இப்போதும் பண்ணை வீட்டு அலமாரிகளில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றின் முன்கட்டையைக் கழற்றி அடியில் உள்ள இரண்டு இலக்கத்தைப் பார்த்து எழுதி வைத்தவர் இன்னும் யாருமில்லை.